நகர் ஊரமைப்புத் துறையில் இளநிலை உதவியாளர்: தபால் போடும் வேலைதானா?

கேள்வி: தேர்வர் ஒருவர், 3 பிப்ரவரி 2025

அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 கலந்தாய்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. என் தரவரிசைக்கு வருவாய்த் துறை கிடைப்பது கடினம். நகர் ஊரமைப்புத் துறையில் இடம் இருக்கலாம் என்கிறார்கள். அங்கே வரைவாளரும் உதவி இயக்குநரும்தான் உண்மையான வேலை பார்ப்பார்கள், அமைச்சுப் பணியாளர் (அலுவலக எழுத்துப் பணி செய்பவர்) தபால் பதிந்து அனுப்புவதோடு சரி என்று என் மாமா சொல்கிறார். நிலப் பயன்பாட்டைத் திட்டமிடும் துறையில் எழுத்தருக்கு என்ன வேலை இருக்க முடியும்?

3 பிப்ரவரி 2025, இரவு

இந்தத் துறையின் மாவட்ட அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்கள் மாமா சொல்வதில் பாதி உண்மை. ஒரு புல எண் (சர்வே எண்) கொண்ட நிலம் குடியிருப்பாக இருக்க வேண்டுமா, தொழிற்சாலைக்கு விடப்பட வேண்டுமா என்பதை அமைச்சுப் பணியாளர் ஒருபோதும் தீர்மானிப்பதில்லை. அதைத் தொழில்நுட்பப் பிரிவு ஆராய்கிறது, அதிகாரம் பெற்றவர் முடிவு செய்கிறார். ஆனால் அந்த முடிவு நாளைக்கு நீதிமன்றத்தில் நிற்குமா என்பது வேறு கேள்வி. அறிவிப்பு எந்தத் தேதியில் வெளியானது, ஆட்சேபணை எத்தனையாவது நாளில் வந்தது, கட்டணம் கேட்ட கடிதம் யாருக்குப் போனது, பூங்காவையும் சாலைகளையும் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கும் தானப் பத்திரம் பதிவானதா, ஒப்புதல் எண் அதற்கு முன் வழங்கப்பட்டதா பின் வழங்கப்பட்டதா என்பவை எல்லாம் அமைச்சுப் பிரிவின் மேசை வழியாகத்தான் போகின்றன. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971ஐ ஒரு முறை வாசித்துப் பாருங்கள். வரைபடத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு அது அறிவிப்பு, அவகாசம், மேல்முறையீடு ஆகியவற்றைப் பற்றியும் பேசுகிறது.

எனவே என் பதில்: தபால் போடும் வேலைதான், ஆனால் எந்தத் தபால் எப்போது போயிற்று என்பதுதான் இங்கே பாதி வழக்குகளின் சாரம்.

4 பிப்ரவரி 2025

சம்பளம் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். இளநிலை உதவியாளருக்கு எந்தத் துறையிலும் ஒரே ஊதிய நிலைதான். பதவி உயர்வில்தான் வித்தியாசம். வருவாய்த் துறையில் உதவியாளர், துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் என்று ஏணி நீளமானது. நகர் ஊரமைப்பு சிறிய துறை. முதுநிலைப் பட்டியலும் சிறியது, மேலே உள்ள இருக்கைகளும் குறைவு. இதை மறைத்துவிட்டு உங்களை அழைப்பது நியாயமாகாது.

6 பிப்ரவரி 2025

“எழுத்தருக்கு வரைபடம் எதற்கு?” என்று கேட்டவருக்காக ஒரு கோப்பைத் திறந்து காட்டுகிறேன்.

மனைப்பிரிவு (லேஅவுட்) ஒப்புதலுக்கு ஒரு விண்ணப்பம் வருகிறது. கிரயப் பத்திரத்தில் பரப்பு 1 ஏக்கர், அதாவது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். பட்டாவில் 0.40.5 ஹெக்டேர், அதாவது 4,050 சதுர மீட்டர். நில அளவர் தலத்தில் அளந்து வரைந்த வரைபடத்தில் 3,985. மூன்றும் ஒரே நிலம், ஆனால் மூன்றும் வேறு பரப்பு. பத்திரம் சென்ட் கணக்கில் எழுதப்பட்டது, பட்டா ஏர் (100 சதுர மீட்டர்) கணக்கில் முழுமையாக்கப்பட்டது, தலத்தில் வேலி உள்ளே தள்ளி நிற்கிறது. இவற்றுள் குறைந்த பரப்பைத்தான் கணக்கில் எடுப்பது நடைமுறை. அதை எடுப்பதற்கு முன் மூன்றையும் பக்க எண்ணோடு குறிப்பில் எழுதி வைப்பது இருக்கை எழுத்தரின் வேலை. வரைவாளர் வரைபடத்தைப் பார்ப்பார். அதே புல எண்ணின் உட்பிரிவு பட்டாவில் 2அ1 என்றும் வில்லங்கச் சான்றில் 2அ என்றும் இருப்பதை அவர் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டருக்குக் குறைவான இடத்தில் திறந்தவெளி ஒதுக்கீடு தேவையில்லை. 3,000 முதல் 10,000 வரை, சாலைகள் நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும், அல்லது அதற்குரிய மதிப்பைச் செலுத்த வேண்டும். 10,000ஐத் தாண்டினால் இடமாகவே கொடுத்தாக வேண்டும். வாழ்நாள் முழுவதும் வரப்பை அடுத்தவன் பக்கம் தள்ளி வைத்த மனிதர்கள், 3,000ஐ ஒட்டிய நிலத்தோடு வரும்போது மட்டும் தம் நிலம் உண்மையில் சிறியது என்று ஆவணத்தோடு வாதாடுவார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே வாரத்தில் பாகப்பிரிவினை செய்துகொண்டு இரண்டு தனி விண்ணப்பங்களாக வருவதும் உண்டு. பத்திரத் தேதியையும் விண்ணப்பத் தேதியையும் அருகருகே எழுதி வைப்பதோடு நம் கடமை முடிகிறது. அதற்கு மேல் அதிகாரி பார்த்துக்கொள்வார்.

7 பிப்ரவரி 2025

விவசாய நிலத்தை மனையாக்க ஆட்சியரின் இசைவு எல்லா இடத்திலும் வேண்டும் என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது சரியல்ல. முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) உள்ள பகுதியில் நிலம் எந்த உபயோகத்தில் வகைப்படுத்தப்பட்டிருக்கிறதோ அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வேறு உபயோகம் வேண்டுமானால் நில உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பித்து, நாளிதழ் அறிவிப்பு, ஆட்சேபணை என்று போக வேண்டும். திட்டம் எதுவும் இல்லாத ஊரகப் பகுதிக்குத்தான் சட்டத்தின் 47-அ பிரிவும் அதன் கீழான 2017ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். அங்கேதான் ஆட்சியரின் இசைவும், அதற்கு முன் வேளாண் இணை இயக்குநரின் அறிக்கையும் வருகின்றன. இரண்டு வழிகளையும் குழப்பிக்கொண்டு, தேவையற்ற சான்றுக்காகப் பல மாதங்கள் அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முகப்பில் உட்காரும் எழுத்தர் முதல் நாளே “உங்கள் கிராமம் திட்டப் பகுதிக்குள் இருக்கிறதா?” என்று கேட்டிருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது.

7 பிப்ரவரி 2025, மாலை

ஆம், கிராமம் திட்டப் பகுதிக்குள் இருக்கிறதா என்பது சில சமயம் அலுவலகத்துக்கே உடனே தெரியாது. கிராமத்தின் பெயர் ஒரே வட்டத்தில் இரண்டு இடங்களில் இருக்கும். கிராம எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள்.

10 பிப்ரவரி 2025

முழுமைத் திட்டம் தயாரிக்கும்போது அமைச்சுப் பிரிவுக்கு என்ன வேலை என்ற கேள்விக்குச் சற்று விரிவாக எழுத வேண்டும். அங்கேதான் நான் இந்த வேலையை முதன்முதலாக மதிக்கத் தொடங்கினேன்.

வரைவுத் திட்டம் அரசின் இசைவு பெற்றதும் 26ஆம் பிரிவின்படி அறிவிப்பு வெளியிட வேண்டும்; ஆட்சேபணைக்கும் ஆலோசனைக்கும் தரப்படும் காலம் இரண்டு மாதத்துக்குக் குறையக் கூடாது. முதல் சில வாரங்கள் ஒருவரும் வரமாட்டார்கள். வரைபடம் கூடத்துச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர் எவராவது வந்து தம் தெருவைத் தேடிவிட்டுப் போவார். பிறகு ஊரில் யாரோ ஒருவருக்கு மட்டும் தம் நிலம் பச்சையில் (விவசாயம்) இருப்பதும் பக்கத்து நிலம் மஞ்சளில் (குடியிருப்பு) இருப்பதும் தெரிந்துவிடும். அடுத்த வாரமே மனுக்கள் கட்டுக்கட்டாக வந்து விழும். பெரும்பாலானவை ஒரே நகல் கடையில் ஒரே வாசகத்தோடு அச்சிடப்பட்டவை. புல எண் மட்டும் பேனாவால் நிரப்பப்பட்டிருக்கும். சிலவற்றில் அந்த இடமும் காலியாகவே இருக்கும். மனுதாரரின் பெயரும் கையொப்பமும் இருக்கும், எந்த நிலம் என்பது இருக்காது.

இவற்றை வந்த வரிசையில் பதிந்தால் தபால் பதிவேட்டுக்குச் சரி, திட்டத்துக்குப் பயனில்லை. கிராமம், புல எண், உட்பிரிவு, கேட்கும் உபயோகம் என்று பிரித்து, ஒரே புலத்துக்கு வந்த மனுக்களை ஒன்றாகச் சேர்த்தால்தான் தொழில்நுட்பப் பிரிவுக்கு உண்மையில் என்ன கேட்கப்படுகிறது என்று தெரியும். எங்கள் அலுவலகத்தில் அவ்வாறு அடுக்கியபோது, தனித்தனியாகப் பார்த்தால் சிறு விவசாயிகளின் வேண்டுகோளாகத் தோன்றிய ஒரு தொகுப்பு, புல வரிசையில் வைத்தபோது ஒரு புறவழிச் சாலையின் ஒரு பக்கத்தை மட்டும் விடுபாடின்றி நிரப்பியது. அதற்கு நேர்மாறாக, ஓர் ஏரியின் வரத்துக் கால்வாய் தொழிற்சாலைப் பகுதிக்குள் போய்விட்டதைச் சொன்னது ஒரே ஒரு மனு. பள்ளிக் குறிப்பேட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதப்பட்டது. எண்ணிக்கையை வைத்து அட்டவணை போட்டிருந்தால் அது கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக முடிந்திருக்கும். குறிப்பில் அதைத் தனிப் பத்தியாக எழுதி, புலப்பட நகலை இணைத்து அனுப்பினோம். விசாரணை நாளில் அந்தப் பெரியவர் வந்திருந்தார்.

ஒரு திட்டம் ஒரு முறை ஒப்புதல் ஆகிவிட்டால் எவ்வளவு காலம் நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கோவையின் முழுமைத் திட்டம் 1994இல் ஒப்புதல் பெற்று, ஒரு தலைமுறைக் காலம் அதே வரைபடம்தான் பேசிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு மாதத்தில் பதிவு தவறிய மனுவுக்கு அடுத்த வாய்ப்பு பேரனுக்குத்தான்.

11 பிப்ரவரி 2025

“கால்வாய் என்ன ஆயிற்று?” என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பொதுப்பணித் துறையின் அறிக்கை கேட்கப்பட்டது, அறிக்கை மனுவை ஒட்டியே வந்தது, வரைவு திருத்தப்பட்டது. தலத்தில் கால்வாய் இன்றும் அதே அகலத்தில் இருக்கிறதா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

11 பிப்ரவரி 2025, சற்றுப் பின்னர்

மேசைக்கு மேசை காசு நகர்ந்தால்தான் கோப்பு நகரும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட மேசைகள் இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. ஒற்றைச் சாளர இணையதளம் வந்த பிறகு கோப்பு எந்த நிலையில், எத்தனை நாளாக நிற்கிறது என்பது விண்ணப்பதாரருக்கே தெரிகிறது. தெரிந்த பிறகும் முகவர்கள் தொலைபேசியில் “சார், நம்ம ஃபைல் எங்க நிக்குது?” என்றுதான் தொடங்குவார்கள். அது கேள்வியாகக் கேட்கப்படுவதில்லை. வணக்கத்துக்குப் பதிலாகச் சொல்லப்படுகிறது.

15 பிப்ரவரி 2025

2016க்குப் பிறகு சேர்ந்த எவருக்கும் அந்த ஆண்டின் கூட்டத்தை விளக்குவது கடினம். 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அதுவரை எங்கள் அலுவலகம் எங்கே இருக்கிறது என்றே அறியாத மக்கள் மறுவாரமே படிக்கட்டில் நின்றார்கள். மகள் கல்யாணத்துக்காக வாங்கிப் போட்ட மனையை விற்க முடியவில்லை. வங்கியும் கடன் தரவில்லை. அவர்களிடம் நாங்கள் சொல்லக்கூடிய பதில் பல மாதங்கள் எங்களிடமே இல்லை.

2017 மே மாதம் அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 அன்றோ அதற்கு முன்போ பதிவான பத்திரத்தால் குறைந்தது ஒரு மனையாவது விற்கப்பட்டிருந்தால் அந்த மனைப்பிரிவை வரன்முறைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது அடிப்படை. முதலில் மனைப்பிரிவு முழுவதற்கும் கொள்கை அளவிலான ஒப்புதல், பிறகு தனித்தனி மனைகளுக்கு ஆணை. இந்த ஒரு தேதி எத்தனை பேரின் முகத்தை மாற்றியது என்பதைச் சொல்லி முடியாது. முன்பணம் மட்டும் ஆகஸ்டில் கொடுத்து, தடையால் பத்திரம் பதிவாகாமல் நின்றுபோனவர் பதிவு செய்யாத ஒப்பந்தத்தை நீட்டுவார். அவர் பொய் சொல்லவில்லை என்பது பார்த்தாலே தெரியும். ஆனால் விதி பதிவான பத்திரத்தைத்தான் கேட்கிறது. அவருக்கு நான் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றுதான்: அவருடைய மனைப்பிரிவில் வேறு யாராவது அக்டோபருக்கு முன் பதிவு செய்திருக்கிறார்களா என்று பக்கத்து மனைக்காரர்களிடம் கேட்டு வரச் சொல்வது. ஒருவர் பத்திரம் கிடைத்தாலும் மனைப்பிரிவு முழுவதற்கும் வழி திறக்கும். இந்த ஆலோசனை எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. விதியை ஒழுங்காகப் படித்தாலே தெரியும்.

16 பிப்ரவரி 2025

மேலே எழுதியதை வாசித்த நண்பர் ஒருவர், “இது சலுகை காட்டுவது ஆகாதா?” என்று கேட்கிறார். இரவெல்லாம் யோசித்தேன். முகவருக்கு ஏற்கெனவே தெரிந்த விதியைச் சாதாரண மனிதருக்கும் சொல்வதில் சலுகை எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அவருடைய சந்தேகத்தில் ஒரு நியாயம் உண்டு: வழி சொல்லும் பழக்கம், ஆவணம் தயாரித்துத் தரும் பழக்கமாக நழுவ அதிக தூரம் இல்லை. மனுவை நம் கையால் எழுதிக் கொடுக்கக் கூடாது. இதை நான் பணியில் இருந்தபோது இளையவர்களிடம் கடுமையாகவே சொல்லி வந்தேன்.

22 பிப்ரவரி 2025

பழைய கோப்பின் முக்கியத்துவம் பற்றிக் கேட்டவருக்கு.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் மனுச் செய்தது. 1980களில் ஒப்புதல் பெற்ற தங்கள் மனைப்பிரிவின் வரைபட நகல் வேண்டும், பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் எது என்று தெரிய வேண்டும் என்றார்கள். பதில் தர முப்பது நாள். பதிவறையில் கோப்பு கிடைத்தது. அது கிடைத்ததே பெரிது. வரைபடத்தின் நீலப்படி மடிப்புகளில் கிழிந்திருந்தது. பூங்கா என்று எழுதிய கட்டத்தின் மேல் சரியாக மடிப்பு ஓடியிருந்ததால் அளவுகள் பாதி மட்டுமே தெரிந்தன. மீதியைச் சுற்றியுள்ள மனைகளின் அளவிலிருந்து வரைவாளர் கணக்கிட்டார்.

சிக்கல் வரைபடத்தில் இல்லை. ஒப்புதல் கடிதத்தில் பூங்கா இடத்தையும் சாலைகளையும் உள்ளாட்சிக்குத் தானமாக ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. ஒப்படைத்ததற்கான பத்திரம் கோப்பில் இல்லை. நினைவூட்டுக் கடிதம் ஒன்று இருந்தது. அதற்குப் பதிலும் இல்லை, இரண்டாவது நினைவூட்டும் இல்லை. பிறகு அந்த இருக்கைக்கு வந்தவர்கள் கோப்பை முடித்துக் கட்டிவிட்டார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தபோது அந்தப் புல எண்ணில் உள்ளாட்சியின் பெயருக்கு எதுவும் பதிவாகவில்லை. மாறாக, நில உரிமையாளரின் வாரிசுகள் பூங்கா இடத்தை இரண்டு மனைகளாக விற்றிருந்தார்கள். வாங்கியவர்களில் ஒருவர் அஸ்திவாரம் போட்டுவிட்டார். அவருக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் விளையாடவும் அதே இடம்தான் ஒதுக்கப்பட்டிருந்தது.

திட்டமிட்டவர் தம் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார். இடம் நல்ல இடம், இரு பக்கமும் சாலை. போகாத ஒரு நினைவூட்டுக் கடிதத்தால் அந்தப் பூங்கா காகிதத்திலேயே நின்றுவிட்டது. இப்போது தானப் பத்திரம் பதிவான பிறகே இறுதி ஒப்புதல் எண் தரப்படுகிறது என்பதால் புதிய மனைப்பிரிவுகளில் இந்த ஆபத்து குறைவு. பழையவை அப்படியேதான் இருக்கின்றன.

23 பிப்ரவரி 2025

“ஆபத்து குறைவு” என்று எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். பத்திரம் பதிவாவது ஒன்று. உள்ளாட்சியின் சொத்துப் பதிவேட்டில் அது ஏறுவது இன்னொன்று. வருவாய்க் கணக்கில் பட்டா உள்ளாட்சிக்கு மாறுவது மூன்றாவது. முதலாவது மட்டும் நடந்து, மற்ற இரண்டும் நடக்காத இடங்கள் இன்றும் உண்டு. பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கும் வரை யாரோ ஒருவருக்கு ஆசை இருந்துகொண்டேதான் இருக்கும்.

2 மார்ச் 2025

வீட்டு வரைபடத்துக்கு உரிமையாளரே சான்றளித்து இணையத்தில் அனுமதி பெறும் சுயசான்றுத் திட்டம் வந்துவிட்டதால் இந்தத் துறையில் வேலை இருக்காது என்கிறார் ஒருவர். 2024 ஜூலை 22 அன்று தொடங்கிய அந்தத் திட்டம், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கானது. அந்த விண்ணப்பங்கள் மேசைக்கு வராததில் யாருக்கும் வருத்தம் இல்லை. எஞ்சி நிற்பவை மனைப்பிரிவு, நில உபயோக மாற்றம், பெரிய கட்டடங்கள், விதிமீறல் நடவடிக்கை.

கடைசியாகச் சொன்னதில்தான் எழுத்தரின் கவனம் அதிகம் தேவைப்படும். 56, 57ஆம் பிரிவுகளின் கீழ் அறிவிப்பு அனுப்புவது எளிது. அது சரியான நபரிடம், சரியான முகவரியில் சேர்ந்தது என்று நிரூபிப்பது கடினம். ஒப்புகை அட்டை திரும்பி வராவிட்டால், ஆள் இல்லை என்று உறை திரும்பினால், தலத்தில் ஒட்டி, சாட்சிக் கையொப்பம் பெற்று, படம் எடுத்துக் கோப்பில் சேர்க்க வேண்டும். கட்டடத்தைப் பூட்டி முத்திரையிட்ட பிறகு வரும் வழக்கில், கட்டடம் எத்தனை அடி மீறியது என்று யாரும் உடனே கேட்பதில்லை. அறிவிப்பு கிடைக்கவே இல்லை என்பதுதான் முதல் வாதம்.

9 மார்ச் 2025

கேள்வி கேட்ட தேர்வர் நகர் ஊரமைப்பையே எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறார். மாமாவுக்கு என்ன சொன்னார் என்பதை எழுதவில்லை.

முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறார். புதிதாகச் சேரும் அரசு ஊழியர்களுக்கான பவானிசாகர் பயிற்சியில் குறிப்பெழுதுவதும் தன்பதிவேடு (தம் இருக்கைக்கு வரும் தபாலையும் அதன் மேல் எடுத்த நடவடிக்கையையும் குறிக்கும் பதிவேடு) பராமரிப்பதும் கற்றுத் தருவார்கள். அதை இங்கே எழுதவில்லை. கணினிவழி மின்-அலுவலகத்தில் கோப்பு நகர்த்துவதும் சில நாளில் கைவந்துவிடும். இருக்கையில் அமர்ந்ததும் உங்களுக்கு ஒதுக்கப்பட்ட வட்டத்தின் மனைப்பிரிவு ஒப்புதல் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஒப்புதலுக்கும் எதிரே தானப் பத்திர எண், பதிவு செய்த சார்பதிவகம், தேதி என்ற பத்திகள் இருக்கும். இல்லாவிட்டால் நீங்களே பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். காலியாக உள்ள வரிகளைத் தனியே எழுதி, கண்காணிப்பாளரிடம் காட்டி, அவர் சம்மதித்தால் உள்ளாட்சிக்கு ஒரு கடிதம் வரைவு செய்யுங்கள். கடிதத்தில் புல எண்ணை உட்பிரிவோடு எழுதுங்கள், வரைபட நகலை இணையுங்கள். பதில் வராது. நினைவூட்டுக்கான நாளைத் தன்பதிவேட்டில் அப்போதே குறித்துவிடுங்கள்.